ஓட்டுப் போட தேர்வு வைத்தால் யார் பாஸ் ஆவார்கள்? திருவனந்தபுரத்தில் ஏற்கெனவே நடந்த கதை

முதலில் மூன்று கேள்விகள். போனில் தேடாமல் பதில் சொல்லிப் பாருங்கள்.

நியமன எம்.பி.க்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாமா? பண மசோதாவை மாநிலங்களவை அதிகபட்சம் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் என்ன?

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. இரண்டாவதுக்கு 14 நாள். மூன்றாவது உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னால்தான் ஓட்டு என்று ஒரு சட்டம் வந்தால், இதைப் படிக்கும் பொறியாளர்களிலும் எம்.பி.ஏ.க்களிலும் எத்தனை பேர் வாக்காளர் பட்டியலில் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது இன்னொரு மூன்று. 'நோக்குகூலி' என்றால் என்ன, அதைக் கேரள அரசு எப்போது தடை செய்தது? ரேஷன் கார்டு பிங்க் நிறத்தில் இருந்து வெள்ளைக்கு மாறினால் வீட்டுக்கு வரும் அரிசி என்ன ஆகும்? மழை பெய்து தம்பானூரில் தண்ணீர் தேங்கினால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்?

இந்த இரண்டாவது வினாத்தாளை திருவனந்தபுரம் சாலை கம்போளத்தில் மூட்டை தூக்கும் ஒரு சுமட்டுத் தொழிலாளியிடம் கொடுத்தால், டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். இறக்கிய சரக்குக்குக் கூலி வாங்குவது வேறு, பக்கத்தில் நின்று பார்த்ததற்கே வாங்குவது வேறு. பின்னதுதான் நோக்குகூலி. 2018 மே 1 முதல் தடை. அவர் தொழிலையே தொட்ட முடிவு என்பதால் அவருக்கு அது தெரியும். முதல் வினாத்தாளில் அவர் பூஜ்யம் வாங்கலாம்.

வாக்காளர்களுக்குக் குடிமை அறிவுத் தேர்வு வைக்கலாமா என்ற விவாதத்தில் பெரும்பாலானோர் தாண்டிப் போகும் கேள்வி இதுதான்: எந்த வினாத்தாள்? அதை எழுதுவது யார்?

யோசனை யாருடையது?

"படிக்காதவன் ஓட்டுப் போட்டுத்தான் நாடு இப்படி இருக்கு" என்பதை அலுவலக கேன்டீனில் கேட்காதவர்கள் குறைவு. தேர்தல் முடிவு வந்த மறுநாள் வாட்ஸ்அப் குழுக்களிலும் இது வரும். தோற்ற கட்சிக்காரர்கள் குழுவில் என்பதைக் கவனியுங்கள். ஜெயித்த பக்கத்தில் அன்றைக்கு மக்கள் மகா புத்திசாலிகள்.

ஆனால் இதைத் தீவிரமாகச் சொல்லும் அறிஞர்களும் உண்டு. 1861-இல் ஜான் ஸ்டூவர்ட் மில், எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை வேண்டாம், படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு தரலாம் என்று எழுதினார். (அவர் கிழக்கிந்திய கம்பெனியில் சுமார் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர். நம்மை ஆள்வதற்கு நம் ஓட்டே தேவைப்படாத கம்பெனி அது.) 2016-இல் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜேசன் பிரென்னன் தனது புத்தகத்தில் இதையே புதுப்பித்தார்: தகுதியற்ற டாக்டரிடம் அறுவை சிகிச்சை செய்துகொள்ள மாட்டோம், பிறகு விஷயம் தெரியாதவர்கள் தேர்ந்தெடுக்கும் அரசு மட்டும் நம் தலையில் ஏன் விடிய வேண்டும் என்பது வாதத்தின் சாரம்.

2023 மே மாதம் இது தேர்தல் மேடைக்கே வந்தது. அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த விவேக் ராமசாமி, 18 முதல் 24 வயதுக்காரர்கள் ராணுவத்திலோ அவசர சேவையிலோ பணியாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் குடியுரிமைத் தேர்வில் தேற வேண்டும், அப்போதுதான் ஓட்டு என்றார். அவர் குறிப்பிட்ட தேர்வு, அந்நாட்டில் குடியேறியவர்கள் குடியுரிமை பெற எழுதுவது. அப்போதைய முறைப்படி 100 கேள்விகள் கொண்ட பட்டியலில் இருந்து 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் தேர்ச்சி. ராமசாமியின் குடும்பம் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஆக, யோசனைக்கு ஒரு கேரளத் தமிழ்த் தொடர்பும் இருக்கிறது.

இந்தியாவில் இது இப்போதைக்கு நடக்காது. அரசியலமைப்பின் 326-வது பிரிவு வயது வந்த எல்லாக் குடிமக்களுக்கும் ஓட்டு என்கிறது. அங்கே வசிக்காதது, மனநலக் குறைபாடு, குற்றம், தேர்தல் முறைகேடு ஆகிய காரணங்களுக்காக மட்டுமே சட்டம் போட்டு ஒருவரை விலக்கலாம். பட்டியலில் 'அறியாமை' இல்லை. தேர்வு வேண்டுமென்றால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும்.

அப்படியானால் பேசி என்ன பயன் என்று தோணலாம். பயன் இருக்கிறது. இந்த யோசனை புதுசு இல்லை. திருவனந்தபுரத்தில் இதற்கு நெருக்கமான ஒன்று சட்டமாகவே இருந்தது.

பட்டம் இருந்தால் ஓட்டு: திருவிதாங்கூர், 1905

சாலையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கிழக்கே கோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் கடைத்தெரு அது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்தியது. மளிகை, பூ, பாத்திரம், இரும்பு என்று வரிசையாகக் கடைகள், பல தலைமுறைகளாகத் தமிழ் வியாபாரிகள், தமிழ்த் தொழிலாளர்கள். தமிழ் மட்டும் பேசியே அங்கே ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில், பாளையம் பக்கம், விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் இருக்கிறது. 1904 அக்டோபரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை முதல் தடவை கூடியது அங்கேதான். சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை, குறைகளை எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். இருந்தாலும் ஒரு சமஸ்தானத்தில் அது பெரிய விஷயம்.

அடுத்த ஆண்டு, 1905-இல், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. 100 பேரில் 77 பேர் தேர்தல் மூலம், மீதி 23 பேர் நியமனம். யார் ஓட்டுப் போடலாம்? ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுபவர். அல்லது நிகர வருமானம் 2,000 ரூபாய்க்குக் குறையாதவர். இரண்டும் இல்லாவிட்டால், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டதாரி.

மூன்றாவது வகையைக் கவனியுங்கள். நிலமோ பணமோ வேண்டாம், படிப்பு இருந்தால் போதும். அந்தக் காலத்து அளவுகோலில் முற்போக்கான ஏற்பாடு என்றே சொல்லலாம். இன்றைக்குத் தேர்வு வேண்டும் என்பவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்: சாதி வேண்டாம், சொத்து வேண்டாம், அறிவு மட்டும் இருக்கட்டும்.

சிக்கல் எங்கே என்றால், பட்டம் வாங்கப் பள்ளிக்கூடம் போக வேண்டும். புலையர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலையே தாண்ட முடியாத காலம் அது. அரசு 1907-இலும் 1910-இலும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. கீழே இருந்த அதிகாரிகளும் ஊர்ப் பெரிய மனிதர்களும் அதைக் காகிதத்திலேயே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கதவைத் தட்டியவர் வெங்ஙானூர்க்காரரான அய்யன்காளி. 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கியவர். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விடாவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகளை வேலைநிறுத்தம் செய்யவைத்தவர். 1911 இறுதியில் பிரஜா சபைக்கு வந்தார். ஓட்டு வாங்கி அல்ல, நியமனத்தில். ஓட்டு வைத்திருந்தவர்களிடம் நின்றிருந்தால் வந்திருப்பாரா என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்த சபையில் அவர் கேட்டவை: தன் மக்களுக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் நிலம், பள்ளியில் சேர்க்கை, கல்விச் சலுகை. சொத்தும் பட்டமும் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர்களில் பலருக்கு இது ஒரு பிரச்சினையாகக்கூடப் பட்டிருக்காது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். 1914-15 வாக்கில் ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துப் போனபோது, அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். 1937-இல் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, தன் சமூகத்தில் 10 பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதே தன் ஆசை என்று சொன்னார் அய்யன்காளி.

வரிசை இங்கே தலைகீழாக இருப்பதைப் பாருங்கள். முதலில் படிப்பு, பிறகு குரல் என்பது 1905-இன் விதி. நடந்தது முதலில் குரல், பிறகுதான் படிப்பு. குரல் வந்திராவிட்டால் படிப்பு எப்போது வந்திருக்கும்?

2019-இல் கேரள அரசு அந்த டவுன் ஹாலுக்கு அய்யன்காளி ஹால் என்று பெயர் மாற்றியது.

படித்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட்ட தேர்தல்: இலங்கை, 1911

"சரி, திருவிதாங்கூரில் பணக்காரர்களும் கலந்து இருந்தார்கள். படித்தவர்களுக்கு மட்டும் ஓட்டுக் கொடுத்துப் பார்த்திருந்தால்?" என்று கேட்கலாம். பார்த்திருக்கிறார்கள். அதுவும் தமிழர்கள் சம்பந்தப்பட்ட தேர்தல்தான்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கைச் சட்டசபைக்கு 1910 சீர்திருத்தத்தில் 'படித்த இலங்கையர்' என்றே ஒரு தொகுதி உருவானது. ஆங்கிலக் கல்வித் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டு. 1911 டிசம்பரில் தேர்தல் நடந்தபோது வாக்காளர்கள் சுமார் 3,000 பேர். தீவின் மக்கள்தொகை அப்போது 41 லட்சம். ஏறக்குறைய 1,370 பேருக்கு ஒரு வாக்காளர். குடிமை அறிவுத் தேர்வு ஆதரவாளர்கள் கனவு காணும் வடிகட்டிய வாக்காளர் பட்டியல்.

போட்டி பொன்னம்பலம் ராமநாதனுக்கும் மார்கஸ் பெர்னாண்டோவுக்கும். ஒருவர் புகழ்பெற்ற வழக்கறிஞர், இன்னொருவர் பெயர்பெற்ற மருத்துவர். ராமநாதன் வென்றார். தமிழருக்குச் சிங்களவர்களும் ஓட்டுப் போட்டார்களே, எவ்வளவு பெருந்தன்மை என்று பள்ளிப் பாடம் போலச் சொல்வதுண்டு. வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுவது வேறு. பெர்னாண்டோ கராவ சாதிக்காரர். அவரைவிட ஒரு வெள்ளாளத் தமிழரே மேல் என்று கொவிகம சாதிச் சிங்கள மேட்டுக்குடியினர் ராமநாதன் பக்கம் சாய்ந்தார்கள்.

ஆக, நாட்டிலேயே அதிகம் படித்த 3,000 பேரிடம் ஓட்டைக் கொடுத்தபோதும் சாதி பார்த்துத்தான் குத்தினார்கள். ஆங்கிலத்தில் யோசித்துக் குத்தினார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

சுமார் பதினேழு ஆண்டு கழித்து டொனமூர் குழு எல்லோருக்கும் வாக்குரிமை என்று பரிந்துரைத்தபோது, அதை எதிர்த்த முன்னணித் தலைவர்களில் ராமநாதனும் ஒருவர். ஆனாலும் 1931-இல் அது வந்தது. ஆசியாவிலேயே முதலில் அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற நாடுகளில் இலங்கை ஒன்றானது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அதிலும் ஒரு வடிகட்டி வைத்தார்கள்: மலையகத் தோட்டத் தமிழர்கள். இலங்கையே நிரந்தர வாழ்விடம் என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் எழுத்தறிவும் மாதம் 50 ரூபாய் வருமானமும் வேண்டும், அதுவும் இல்லையென்றால் நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ். கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இந்த மூன்றில் எந்தக் காகிதம் இருக்கும்?

அப்படியும் பதிவு செய்து, 1947 தேர்தலில் பல தொகுதிகளை வென்றார்கள். அடுத்து நடந்தது நமக்குத் தெரிந்த கதை. 1948 குடியுரிமைச் சட்டம், 1949 தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் மலையகத் தமிழர்களுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை. தகுதி நிபந்தனை என்ற ஒன்றைச் சட்டத்தில் நுழைத்துவிட்டால், அதன் அளவை ஏற்றுவது அடுத்து வரும் ஆட்சியாளர் கையில். அந்த மக்களின் குடியுரிமை முழுதாகத் திரும்ப 2003 வரை ஆனது.

கேள்வித்தாள் யார் கையில்?

அமெரிக்காவின் அனுபவம் அதிகம் பேசப்பட்டது என்பதால் சுருக்கமாக. கறுப்பின ஆண்களுக்கு 1870-இல் வாக்குரிமை கிடைத்தது. 1890-இல் மிசிசிப்பி மாநிலம் புதிய அரசியலமைப்பு எழுதியது: மாநில அரசியலமைப்பின் ஏதாவது ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் புரிந்துகொள்ள வேண்டும், அல்லது 'நியாயமான' விளக்கம் சொல்ல வேண்டும். நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எந்தப் பகுதியைக் கொடுப்பது, எது நியாயமான விளக்கம் என்பதெல்லாம் உள்ளூர்ப் பதிவாளர் முடிவு. பதிவாளர் வெள்ளையர். வெள்ளை விவசாயிக்கு ஒற்றை வரி, கறுப்பின ஆசிரியருக்கு வக்கீல்களே திணறும் பத்தி.

விளைவை எண்ணில் பாருங்கள். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர்கள் 6.7 சதவீதம். தேர்வை நிறுத்திய இரண்டே ஆண்டில், 1967-இல், அது ஏறக்குறைய 60 சதவீதம். இரண்டு ஆண்டில் அந்த மக்களின் அறிவு ஒன்பது மடங்கு கூடிவிட்டதா என்ன?

இன்றைய இந்தியாவில் நேர்மையாகவே நடத்தினால்?

கெட்ட பதிவாளர் கதையை விடுவோம். கம்ப்யூட்டரில் தேர்வு, எல்லோருக்கும் ஒரே கேள்வி, லஞ்சம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இருப்பதிலேயே மிக எளிய தேர்வு, ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் என்றும் வைத்துக்கொள்வோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி (இது 7 வயதுக்கு மேற்பட்டோர் கணக்கு, பெரியவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும்) நாட்டில் 100 பேரில் 27 பேர் தேற மாட்டார்கள். ஆண்களில் 19 பேர், பெண்களில் 35 பேர். பட்டியல் சாதியினரில் 34, பழங்குடியினரில் 41. அதாவது அரசியல் அறிவைச் சோதிக்க ஆரம்பிக்கும் முன்பே, ஓர் ஆண் வெளியேறினால் ஏறக்குறைய இரண்டு பெண்கள் வெளியேறுகிறார்கள். சாதி, பாலினம் எதையும் கேட்காத கேள்வித்தாள்தான். விடைத்தாள் மட்டும் அவற்றைச் சொல்லிவிடுகிறது.

கேரளத்தில் வைத்தால் பரவாயில்லையே என்பீர்கள். எழுத்தறிவு 94 சதவீதம், 1991 ஏப்ரல் 18-இல் முழு எழுத்தறிவு அறிவிப்பே வந்த மாநிலம். ஆனால் அதே கேரளத்தில் பழங்குடியினர் எழுத்தறிவு 2011-இல் சுமார் 76 சதவீதம். மாநிலமே தேறும் தேர்வில் அட்டப்பாடியும் வயநாடும் சறுக்கும். அவர்களுக்குத்தான் அரசிடம் கேட்க வேண்டியது அதிகம்.

மொழி என்று ஒரு விஷயமும் இருக்கிறது. சாலையில் தமிழ்ப் பள்ளி உண்டு. ஆனாலும் அங்கே வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்களும் உண்டு. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்து, மலையாளப் பலகையை வைத்து பஸ் ஏற முடியாதவர்களும் உண்டு. மலையாளத்தில் கேட்டால் பின்னவர் தோற்பார். இலக்கணத் தமிழில், 'கூட்டாட்சித் தத்துவம்', 'நிதிநிலை அறிக்கை' என்று கேட்டால் முன்னவர் தோற்பார். பட்ஜெட் என்றால் இருவருக்கும் தெரியும். ஒரு கடைத்தெருவுக்குள்ளேயே ஒரு நியாயமான வினாத்தாள் தயாரிப்பது இவ்வளவு கஷ்டம்.

வாக்களிக்க இல்லாவிட்டாலும், போட்டியிடப் படிப்புத் தகுதி வைத்துப் பார்த்த மாநிலம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஹரியாணா 2015-இல் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் பொதுவாக 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் 8. பஞ்சாயத்து உறுப்பினராகப் போட்டியிடும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு 5. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பதும் சேர்த்தி. ராஜ்பாலா வழக்கில் 2015 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நல்லது கெட்டது பிரித்தறியும் சக்தியைக் கல்விதான் தரும் என்பது தீர்ப்பின் தர்க்கம். அந்த வழக்கில் வைக்கப்பட்ட கணக்கின்படி, 20 வயதைத் தாண்டிய கிராமத்து மக்களில் 57 சதவீதம் பேருக்குத்தான் அந்தப் படிப்பு இருந்தது. மீதி 43 பேருக்குப் பள்ளிக்கூடம் கொடுக்காதது யார்? அரசு. அதற்காகத் தேர்தலில் நிற்கும் உரிமையை இழந்தது யார்? அவர்கள். ராஜஸ்தானும் இதே போலச் சட்டம் போட்டு, ஆட்சி மாறிய பின் 2019-இல் திரும்பப் பெற்றது.

படிக்காதவர்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள்?

தேர்வு ஆதரவாளர்களின் அடிப்படை அச்சம், படிக்காதவருக்கு எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்றே தெரியாது என்பது. இதைச் சோதிக்கவும் நம்மூரிலேயே ஒரு தேர்தல் இருக்கிறது.

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூர் தன் பிரதிநிதி சபைக்கு வயது வந்த அனைவரின் வாக்குரிமையோடு தேர்தல் நடத்தியது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்றரை ஆண்டு முன்பே. நிலவரி, பட்டம் எல்லாம் போயிற்று. 1951 கணக்கெடுப்பில்கூட இன்றைய கேரளப் பகுதியின் எழுத்தறிவு சுமார் 47 சதவீதம்தான். வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்று கொள்ளலாம்.

120 இடங்களில் காங்கிரசுக்கு 97. ஒற்றைக் கட்சி அலை. ஆனால் தெற்கே, தமிழர் வாழும் தாலுகாக்களில், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பிடித்தது. சமஸ்தானம் முழுக்க ஒரு பக்கம் போனபோது, பனையேறிகளும் வயல் கூலிகளும் நெசவாளர்களும் இருந்த பகுதி ஒரே ஒரு கோரிக்கையை வைத்த கட்சிக்கு ஓட்டுப் போட்டது: எங்களைத் தமிழ்நாட்டோடு சேருங்கள். இதைவிடத் தெளிவான, ஒற்றைப் பொருளில் குவிந்த வாக்களிப்பைப் படித்தவர்களிடம் பார்ப்பதே அரிது.

எட்டு ஆண்டு போராட்டம், 1954 ஆகஸ்டு 11 துப்பாக்கிச்சூடு, உயிரிழப்புகள். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையும் வந்தது. சாலையின் தமிழர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். இன்றைக்கு நாகர்கோவிலில் இருந்து சாலைக்குச் சரக்கு வரும் லாரி களியக்காவிளையில் தாண்டும் கோடு, பெரும்பாலும் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள் ஓட்டால் தொடங்கி வைத்தது.

நாடு முழுக்க 1951-52 தேர்தலிலும் இதே கதைதான். 17.3 கோடி வாக்காளர்கள், எழுத்தறிவு 18 சதவீதம். தேர்தல் ஆணையம் தேர்வு வைக்கவில்லை, சின்னம் வைத்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலில் இருந்து நீக்க நேர்ந்தது சுமார் 28 லட்சம் பெண்களை. காரணம் அறியாமை இல்லை. "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயரைச் சொல்லாததால்.

டிரைவிங் லைசென்ஸுக்குத் தேர்வு உண்டே?

இந்த ஒப்பீடு அடிக்கடி வரும், கேட்க நியாயமாகவும் இருக்கும். லைசென்ஸ் தேர்வில் தோற்றவர் வண்டி ஓட்ட மாட்டார், பஸ்ஸில் போவார். வாக்காளர் தேர்வில் தோற்றவர் எங்கே போவார்? சட்டம் அவர் மீதும் பாயும். சோப்புக்கும் செருப்புக்கும் அவர் கட்டும் ஜி.எஸ்.டி.யில் தள்ளுபடி கிடையாது. ஓட்டு இல்லாதவர்கள் தெருவுக்குக் குழாய் போட எந்தக் கவுன்சிலர் அவசரப்படுவார்?

காசு வாங்கி ஓட்டுப் போடுகிறார்களே என்பது அடுத்தது. உண்மைதான். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடா புகாரில் ரத்தாகின. ஆனால் அது அறிவுப் பிரச்சினையா? காசு வாங்குபவருக்குத் தான் செய்வது தப்பு என்று தெரியும். குடிமைத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் சரியான விடையைத்தான் எழுதுவார். கொடுத்தவர்களும், தெருவாரியாகக் கணக்குப் போட்டு எக்செல் ஷீட் தயாரித்தவர்களும் படித்தவர்கள்.

வாக்காளருக்கு விஷயம் தெரிவதில்லை என்று கவலைப்படுபவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்களை வாக்காளர் தெரிந்துகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2002 ஆனது. தேர்தல் பத்திரங்கள் மூலம் எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது 2018 முதல் 2024 மார்ச் வரை நாட்டில் ஒரு வாக்காளருக்கும் தெரியாது. 2024 பிப்ரவரி 15 தீர்ப்புக்குப் பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. அந்த ஆறு ஆண்டில் முனைவர் பட்டம் வாங்கியவரும் மூட்டை தூக்கியவரும் அந்தக் கேள்விக்கு ஒரே மதிப்பெண்தான் வாங்கியிருப்பார்கள்.

உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலோ, பெங்களூருவிலோ, சென்னையிலோ வேலை பார்க்கும் பலருக்குப் பெயர் இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. தேர்தல் நாளில் லீவு, டிக்கெட் இரண்டும் ஒத்துவந்தால் ஓட்டு, இல்லையென்றால் இல்லை. இடம் மாறியவர்கள் படிவம் 8 கொடுத்து, இப்போது வழக்கமாக வசிக்கும் முகவரிக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவை சேர்பவர்களுக்குப் படிவம் 6. முன்பு ஜனவரி 1-ஆம் தேதிக்குள் 18 வயது முடிந்திருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. இரண்டு படிவங்களையும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம். இரண்டிலும் பொது அறிவுக் கேள்வி எதுவும் இல்லை.